குளக்கட்டுக்குக் கீழே மரங்கள்

குளம் என்ற ஒன்றை அழகுமுத்து கண்ணால் கண்டதில்லை. அவன் பிறந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்; அங்கே தண்ணீர் ஓடும், நிற்காது. ஆனாலும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வாடகை அறை எடுத்து இரண்டு வருடமாக அவன் எழுதிக்கொண்டிருந்த ஆய்வு, எண்ணூறு வருடத்துக்கு முந்திய குளங்களைப் பற்றியது. குளக்கட்டுக்கும் வயலுக்கும் நடுவில் அந்தக் காலத்துச் சனங்கள் மருதும் புங்கும் அடர்ந்து நிற்க விட்டார்கள். கட்டுக்கு அடியால் கசியும் உப்பை அந்த மரங்கள் மறித்துக்கொள்ளும், வயல் பிழைக்கும். காட்டை வெட்டிக் குளம் கட்டியவர்கள் ஒரு துண்டுக் காட்டைத் தெரிந்தே வைத்துக்கொண்டார்கள் என்பது அவனுடைய வாதம்.

பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"புத்தகத்தைப் பார்த்துப் புத்தகம் எழுதியிருக்கிறீர். போய் ஒரு மரத்தையாவது பாரும். இல்லையென்றால் இதை எடுத்துவிடும்."

அதை எடுத்துவிட்டால் அவனுடையது என்று சொல்ல அந்த ஆய்வில் ஒன்றும் மிஞ்சாது. அநுராதபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் புறப்பட்டான். அது தொண்ணூற்றெட்டு, புலிகளோடு யுத்தம் நடந்த காலம். பக்கத்து அறை ஹியூபேட், துறைமுகத்தில் கிளார்க், அவனுடைய பையிலிருந்து வரைபடத்தை வெளியே இழுத்தான்.

"உனக்கு விசரா மச்சான்? தமிழன்ட பையில குளத்துக்கு மெப்."

"மரந்தானே கீறியிருக்கேன்."

"ஓம், சிவப்பு வட்டம் போட்டு. பாக்க எனக்கே பயமாக் கிடக்கு. வீட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. குளத்தைப் பற்றிப் படிக்கிறேன் என்று ஒருமுறை சொன்னபோது அம்மா ராக்கம்மா, "அங்கன வேலை போட்டுக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வரைபடத்தை அறையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினான். சோதனைச் சாவடிகளில் அவனை இறக்கிக் கேள்வி கேட்டார்கள்; பஸ்ஸில் இருந்தவர்கள் பொறுமையிழந்து அவனையே பார்த்தார்கள்.

குளக்கட்டில் தோளில் துவக்கோடு ஒருவர் வந்தார். ஊர்க்காவலர், அந்தக் கிராமத்து விவசாயி.

"எங்க மல்லி?" என்று தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்டார்.

அழகுமுத்துவும் அவரை அண்ணனாக்கிச் சிங்களத்திலேயே சொன்னான். "கட்டுக்குக் கீழே இருக்கிற மரங்களைப் பார்க்க வந்தேன், அய்யே."

அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார். "பிந்திட்டீங்க. போன வருசம் வெட்டிட்டோம். மரம் நின்னா ஆள் வாறது தெரியாது."

"யார் வாறது?"

"வேற யாரு, உங்க ஆக்கள்தான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, லேசாகச் சிரித்தார். அழகுமுத்துவும் சிரித்து வைத்தான்.

கீழே அடிக்கட்டைகளும் வெயிலும் மட்டும் இருந்தன. அதற்கப்பால் முதல் வரவை வயல்களில் நெல் இல்லை. மண் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது.

"நம்ம வயல்தான். அதில இப்ப ஒண்டும் விளையாது," என்றார் அவர்.

அழகுமுத்து குந்தி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. இரண்டு வருடமாகப் புத்தகங்களை வைத்து வாதாடியது உண்மைதான். இனிப் பேராசிரியர் அத்தியாயத்தைத் திருப்ப முடியாது. சந்தோசம் வந்தது. எதிரே நிற்கிறவரின் வயல் அது என்பது பிறகுதான் உறைத்தது. எழுந்து, கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"பாத்தாச்சுன்னா போங்க மல்லி. பஸ் போயிடும்."

திரும்பும் பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் மனதில் வரிவரியாக வந்தது. மரங்களை ஏன் வெட்டினார்கள் என்பதையும் எழுத வேண்டும். அந்த வரி மட்டும் வரவில்லை.