இடுப்பளவில் ஒரு தோல் உறை

அண்ணை முதலில் கேட்டது என் இடுப்பளவை.

கடையில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பெல்ட்டை எந்த ஓட்டையில் பூட்டுகிறாய் என்று கேட்டார். காட்டினேன். தன் பெல்ட்டைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப சரி. உன்ரையும் என்ரையும் ஏறக்குறைய ஒண்டுதான்" என்றார்.

அது பொய். அவருக்கு வயிறு இருந்தது. எனக்கு அந்த நாட்களில் வயிறே இல்லை. வன்னியில் இருந்து முகாம், முகாமில் இருந்து கொழும்பு, பிறகு பாரிஸ். வந்து ஒரு வருடம் ஆகவில்லை.

அவர் எனக்கு உறவு இல்லை. முதலாளி. ரூ பிலிப்-து-ஜிராரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தெருவில் எல்லாரும் அண்ணை என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"என்னத்துக்கு அண்ணை?"

"திங்கட்கிழமை ஒரு இடத்துக்குப் போகவேணும். வா."

என்னத்துக்கு என்று எனக்கு அரைவாசி தெரியும். அதற்கு முந்திய கிழமை அவன் கடைக்கு வந்திருந்தான்.

அவன் கதை நான் வருவதற்கு முன் நடந்தது. எங்கள் கடை வாசலில் வைத்து அவன் இன்னொருவனை வாளால் வெட்டினான். வெட்டுப்பட்டவன் பிழைத்தான். அவனுடைய கை பிழைக்கவில்லை. பொலிஸ் தெரு முழுக்க விசாரித்தது. ஒருவரும் எதையும் காணவில்லையாம். பக்கத்துச் சலூன்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"அண்டைக்கு இந்தத் தெருவிலை எல்லாரும் உள்ளுக்கை வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிண்டவை. உன்ரை முதலாளி ஒராள்தான் வாசல்லை நிண்டவர்."

அண்ணை கோர்ட்டில் கை நீட்டிக் காட்டினார். அவன் உள்ளே போனான். இப்போது வெளியே வந்துவிட்டான்.

கடைக்கு வந்தவன் சத்தம் போடவில்லை. மெலிந்த ஆள். வெயில் படாத முகம். தேங்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். கல்லாவுக்கு மேலே ஒரு படம் இருக்கிறது. அண்ணை வேட்டியோடு, வெறும் மேலோடு, தேர் வடத்தின் முன்னுக்கு நிற்கும் படம். அவன் அதைக் கனநேரம் பார்த்தான்.

"இந்தமுறையும் தேருக்கு வாறியள்தானே அண்ணை?"

"ஓம்."

"அதே இடமோ?"

"அதே இடந்தான்."

"நானும் வடம் பிடிக்கவேணும். கனகாலம்" என்றான். தேங்காயை எடுத்துக்கொண்டு போனான்.

அண்ணை அன்று மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாளில் அவரிடம் ஒரு பிஸ்டல் வந்துவிட்டது. எங்கே எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். பிள்ளையின் துவாயில் சுற்றி வைத்திருந்தார். சின்னது. விரித்த கையால் மறைக்கலாம்.

"நீ வன்னியிலை இருந்தனி. உனக்குத் தெரியும்" என்றார்.

வன்னியில் இருந்த எல்லாருக்கும் தெரியும் என்று இங்கே நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது உண்மைதான்.

"எங்கை வைக்கிறியள்?"

"இடுப்பிலை செருகினன். நடக்க நடக்க வழுக்கி உள்ளுக்கை போகுது."

சிரிக்கவேண்டிய இடம். ஒருவரும் சிரிக்கவில்லை.

"உறை இல்லாமல் வைச்சால் முதல்லை உங்களுக்குத்தான் வெடிக்கும்" என்றேன். அதனால்தான் திங்கட்கிழமை.

கிளின்யான்கூர் பழஞ்சாமான் சந்தைக்குப் போனோம். உள்ளே ஒரு ஒழுங்கையில் பழைய பட்டாளச் சாமான் விற்கும் வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். தொப்பி, சப்பாத்து, தண்ணிப் போத்தல், தோல் பெல்ட். உறைகளைக் கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார். அண்ணை பிஸ்டலைக் கொண்டுவரவில்லை. மரக்கறிப் பெட்டி மட்டையை அதன் அளவுக்கு வெட்டி, தடிப்பு வரும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். கிழவர் அந்த மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

சேகரிக்கிறதுக்கு வேணும் என்று அண்ணை பிரெஞ்சில் சொன்னார்.

முதலில் தோளில் மாட்டுவதை எடுத்தார். அதற்கு மேலே ஜாக்கெட் வேண்டும். கோடைகாலத்தில் கடைக்குள் ஜாக்கெட்டோடு நிற்பவனை எல்லாரும் பார்ப்பார்கள். அடுத்தது கணுக்காலில் கட்டுவது. அண்ணை கடையில் செருப்போடு நிற்பவர். எடுக்கவும் குனியவேண்டும். குனிகிற நேரம் அவருக்குக் கிடைக்காது. இவ்வளவையும் நான் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். திருப்பித் தொங்கவிட்டார்.

பிறகு இடுப்பில், களுசான் பட்டிக்குள் செருகுவது. அதில் இரண்டு இருந்தன. ஒன்று மெத்தென்ற தோல், கறுப்பு. அண்ணைக்கு அது பிடித்தது.

"துணி மாதிரி இருக்கு. குத்தாது."

"வேண்டாம். வாய் செத்துப்போகும்."

"அப்பிடியெண்டா?"

மட்டையை உள்ளே விட்டு வெளியே எடுத்தேன். உறையின் வாய் மடிந்து ஒட்டிக்கொண்டது. "திருப்பி வைக்கேக்கை தோல் மடிஞ்சு விசையிலை கொழுவும். பிறகு சொல்லத் தேவையில்லை" என்றேன். மற்றது மண்ணிறம். கட்டித் தோல், வாய் விறைப்பாக நின்றது. விசை வரும் இடம் முழுக்க மூடிக்கிடந்தது. பெல்ட் கோர்க்க ஒரு வளையம். மாட்டுத்தோல் மணம் போகவில்லை.

"போட்டுப் பார்" என்றார் அண்ணை.

"நீங்கள் போடுங்கோ."

"சந்தைக்குள்ளை என்னைத் தெரிஞ்ச ஆக்கள் நிப்பினம். நீ போடு."

போட்டேன். மட்டையை வைத்தேன். போட்டிருந்த சேட்டை வெளியே விட்டு உறையை மறைத்தேன். நடந்தேன், குனிந்தேன், அங்கே கிடந்த ஒரு பெட்டியைத் தூக்கினேன். தோல் இடுப்பில் ஒட்டிக்கொண்டது. என் கை தன்பாட்டில் அந்தப் பக்கம் போனது. நான் அதைத் திருப்பி எடுத்தேன்.

கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். "சேகரிக்கிற ஆட்கள் குனிந்து பார்ப்பதில்லை" என்றார். பிறகு விலையைச் சொன்னார்.

மெத்ரோவில் வரும்போது அண்ணை கேட்டார். "வெளியிலை தெரிஞ்சுதோ?"

"அது தெரியேல்லை. நீங்கள்தான் தெரிவியள்."

அவருக்கு விளங்கவில்லை. இரண்டு கிழமையில் விளங்கியிருக்கும். கீழ்த்தட்டில் உள்ள பருப்பை எடுக்கக் குனிவதில்லை. என்னைக் கூப்பிட்டார். தொங்கும் சேட் போடத் தொடங்கினார். வாசலில் யாராவது வந்தால் முழங்கையால் இடுப்பைத் தடவினார். சலூன்காரர் விடவில்லை.

"என்ன முதலாளி, வயித்திலை ஏதும் விசேஷமோ? எத்தினை மாசம்?"

அண்ணை சிரித்தார். கை மட்டும் இடுப்பில் இருந்தது.

அண்ணையின் மனைவியை நான் அக்கா என்பேன். இடுப்பு நோ என்று நினைத்து அவர் வீட்டில் நல்லெண்ணெய் சூடாக்கிக் கொடுத்திருக்கிறார். கடைக்கு வந்தபோது என்னிடம் கேட்டார்.

"தம்பி, இவர் கடையிலை மூட்டை ஏதும் தூக்கினவரோ?"

"இல்லை அக்கா."

"சின்னவள் மடியிலை ஏறப்போனால் தள்ளிவிடுறார். அவள் என்னட்டை வந்து பிரெஞ்சிலை முறைப்பாடு."

நான் அரிசியை அடுக்கினேன்.

தேருக்கு முதல் நாள் பின்னேரம் அண்ணை கடையைப் பாதி பூட்டிவிட்டு என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். வேட்டி கட்டியிருந்தார். மேலே ஒன்றும் இல்லை. வேட்டிக்கு மேல் பெல்ட், பெல்ட்டில் உறை, உறைக்குள் பிஸ்டல். பிடி வயிற்றோடு வெளியே நின்றது. சால்வையை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டினார். கட்டி வந்தது போல வீங்கியது. வேட்டிக்குள் இறக்கிப் பார்த்தார். வேட்டி கழன்றது.

உறை பார்க்கும்போது இதை ஒருவரும் நினைக்கவில்லை. நான் களுசானோடு போட்டுப் பார்த்தேன். அவர் களுசானைத்தான் நினைத்தார். அவன் சொன்னதோ தேர் நாள்.

"சேட்டைப் போட்டுக்கொண்டு வடம் பிடிக்கிறன்" என்றார்.

"ஒரு வருசமும் போடேல்லையாமே."

"குளிர் எண்டு சொல்லுவன்."

"ஆவணி வெயில் அண்ணை."

அவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார்.

"நீ பந்தல்லை மோர் குடுப்பாய். களுசான், சேட். தேர் கடையடிக்கு வந்தோடனை எனக்குப் பக்கத்திலை நட. உன்னை ஆரும் பாக்காயினம்."

இடுப்பளவு கேட்ட நாளிலேயே இதை நினைத்திருந்தாரா, இப்போதுதான் நினைத்தாரா, எனக்குத் தெரியாது. உறை எனக்குத்தான் அளவாக இருந்தது.

"மாட்டன் அண்ணை."

"உன்னை ஆர் வேலைக்கு எடுத்தது?"

"நீங்கள்."

"அப்ப?"

"அரிசி தூக்கத்தான் எடுத்தனீங்கள். தூக்குறன்."

அவர் கத்தவில்லை. "அவன் என்னை வெட்டிப்போட்டால்?" என்று மெல்லக் கேட்டார். அப்படிக் கேட்ட ஆட்களை எனக்குத் தெரியும். வன்னியில் அவர்களுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. இவருக்குச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அதற்குப் பிறகும் கதைத்ததில்லை.

"அவன் உங்கடை சேட்டைத்தான் பாப்பான். எல்லாரும் வெறும் மேலோடை நிக்க நீங்கள் மட்டும் சேட்டோடை வந்தால், சாமான் இருக்கெண்டு நீங்களே சொன்னமாதிரி. அவனும் சாமானோடை வருவான். நீங்கள் வெறும் மேலோடை வந்தால் அவனும் அப்பிடித்தான் வரவேணும். வடம் பிடிக்கிறன் எண்டு உங்கடை முகத்துக்குச் சொல்லிப்போட்டான்."

"வராட்டி?"

"வராட்டி நான் பிழை."

அவர் பெல்ட்டைக் கழற்றினார். உறையை மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார்.

தேர் அன்று காலையிலேயே தெருவில் கற்பூரப் புகை. கடை வாசலில் பந்தல் போட்டு மோர்க் கிடாரத்தை வைத்தோம். நான் சேட்டைக் களுசானுக்குள் விட்டுப் பெல்ட் கட்டினேன். அண்ணை திருநீறு பூசி, வெறும் மேலோடு கோயிலுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

தேர் வருவதற்கு முன் அவன் வந்தான். வேட்டி. வெறும் மேல். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தான். அதில் ஒரு வீக்கமும் இல்லை. மோர் கேட்டான். வார்த்துக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே என் இடுப்பைப் பார்த்தான், முன்னுக்கும் பக்கத்திலும்.

"நல்ல மோர். இஞ்சி கொஞ்சம் கூட" என்றான்.

அக்கா அகப்பையோடு நின்றார். கோர்ட்டில் அவனைப் பார்த்தவர்.

"அவன்தானே?"

"ஓம் அக்கா."

தேர் எங்கள் தெருவுக்குத் திரும்பியது. வடத்தின் முன்னுக்கு அண்ணை. அவன் சனத்தை விலக்கிக்கொண்டு போய் அண்ணைக்கு நேரே பின்னால் வடத்தைப் பிடித்தான். அங்கே நின்றவன் இடம் விட்டான். அண்ணையின் முதுகு அவனுக்கு முன்னால் இருந்தது. வேர்வையில் திருநீறு கரைந்து ஓடியது. தேர் ஒரு எட்டு நகரும், நிற்கும், பிறகு நகரும்.

"இவர் திரும்பிப் பாக்கிறாரோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை."

"தெரியுமோ இவருக்கு?"

"தெரியும்."

கடைக்கு முன்னால் தேர் நின்றது. சிதறு தேங்காய் அடிக்கக் குவித்திருந்தோம். அவன் வடத்தை விட்டுவிட்டு வந்து ஒரு தேங்காயை எடுத்தான். காதில் வைத்துத் தட்டினான். அண்ணைக்குப் பின்னால் நின்று தலைக்கு மேலே தூக்கினான். அக்காவின் கை என் சேட்டைப் பிடித்தது. மூலையில் நின்ற பொலிஸ்காரர் படம் எடுக்கும் ஒருவரை விலத்திக்கொண்டிருந்தார்.

தேங்காய் றோட்டில் சிதறியது. தண்ணி அண்ணையின் காலில் தெறித்தது. அண்ணை காலை எடுக்கவில்லை, திரும்பவில்லை. அவன் கையைச் சால்வையில் துடைத்துவிட்டுத் திரும்பவும் வடத்தைப் பிடித்தான்.

கோயில் வாசல்வரை அப்படியே போனார்கள். அங்கே வடத்தை விடும்போது அவன் அண்ணையின் காதருகே வந்து சொன்னானாம்: "சேட் போட்டு வருவியள் எண்டு நினைச்சன் அண்ணை."

அவ்வளவுதான்.

பிஸ்டல் போய்விட்டது. எங்கே என்று கேட்கவில்லை. உறை பின்னறையில் கிடக்கிறது. கட்டித் தோல், உள்ளே ஒன்றும் இல்லாமலே அந்தச் சாமானின் உருவத்தில் நிற்கிறது. எறியச் சொல்லி அண்ணை சொல்லவில்லை. நானும் எறியவில்லை.

எனக்கு விசா கிடைத்தது. இப்போது பாரிசுக்கு வெளியே பொபினியில் இருக்கிறேன். வேலை அதே கடை. ஒவ்வொரு ஆவணியும் மோர் கொடுக்கிறேன். அவன் ஒரு வருடமும் தவறவில்லை. இஞ்சியைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போய் அண்ணைக்குப் பின்னால் வடத்தைப் பிடிப்பான். அந்த இடத்தை இப்போது ஒருவரும் எடுப்பதில்லை, அவனுக்கென்று விட்டிருக்கிறார்கள். அண்ணைக்கு வயதாகிவிட்டது, முதுகு கூனிவிட்டது. முன்னுக்கு நிற்கவேண்டாம் என்று அக்கா வருடாவருடம் சொல்கிறார்.

நிற்கிறார். வெறும் மேலோடுதான்.