வரப்பில் பழகிய கால்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் இது நடந்தது. நான் அப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் குடவாசல் பக்கம் ஒரு கிராமம். அப்பா பண்ணை ஆள். எங்கள் தெருவில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அதிலும் ஆங்கில இலக்கியம். எதற்கு இதைப் படிக்கிறான் என்று தெருவில் யாருக்கும் விளங்கவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும் பாதிதான் விளங்கியது.

ஊரில் அது கூலிச் சண்டை நடந்த வருஷம். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. தெரு முனையில் செங்கொடி ஏறியிருந்தது. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக எங்கள் மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து சம்பா அறுப்பை முடித்துக்கொண்டார். போலீஸ் வேன் களத்து ஓரத்தில் நின்றது. எங்கள் தெரு ஆட்கள் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் ஊரில் மிராசுதார் வரப்பில் எதிரே வந்தால், நாங்கள் வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கி நிற்க வேண்டும். தோளில் துண்டு இருந்தால் அது கக்கத்துக்குப் போய்விடும். யாரும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. நடக்கப் பழகியபோதே இறங்கவும் பழகிவிட்டோம். அந்த ஐப்பசியில், நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது, மிராசுதார் எதிரே வந்தும் அப்பா இறங்கவில்லை. மிராசுதார்தான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, உடம்பைத் திருப்பி ஒதுங்கிப் போயிருக்கிறார். தெருவே அதைப் பற்றித்தான் ஒரு வாரம் பேசியது. நான் விடுதியில் இருந்தேன், எனக்குச் சொல்ல ஊரிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கருத்தரங்குக்கு வருகிறேன். சிம்போசியம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பல கல்லூரிகளிலிருந்து ஆங்கில மாணவர்கள் வந்து கட்டுரை வாசிப்பார்கள். அந்தத் தடவை ஒரு கல்லூரி முதல்வர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போகிறார், ஜூனில் அவருடைய கல்லூரிக்கு ஒரு டியூட்டர், அதாவது இளநிலை ஆசிரியர், தேவைப்படுகிறது என்று துறைத் தலைவர் என்னிடம் சொல்லியிருந்தார். வீட்டில் அறுப்புக் கூலி இல்லாத வருஷம். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ஆங்கிலக் கவிதைகளில் அறுவடை. "நீ வயல்காட்டுப் பையன், உனக்கு இது ஈஸி" என்றார் துறைத் தலைவர். ஆங்கிலக் கவிதைகளில் அறுவடை என்றால் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆப்பிள் பழுக்கிறது, தேனீ பறக்கிறது, போலீஸ் வேன் ஒன்று கூட வருவதில்லை. எனக்கு அது வேறு ஏதோ உலகமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினேன். அறைத் தோழனின் வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கி, இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன்.

அரங்கத்தில் பலகையால் செய்த மேடை. ஒரு படி உயரம்தான். பேசுகிறவர் மைக் முன்னால் நிற்க வேண்டும். பக்கத்தில் மேஜை போட்டு, அமர்வுக்குத் தலைமை தாங்கும் பேராசிரியை உட்கார்ந்திருந்தார். வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தவர், எனக்கு முன்பின் தெரியாது. கட்டம் போட்ட கைத்தறிப் புடவை, தடித்த கண்ணாடி. முன்னால் ஒரு பித்தளை மணி. நேரம் முடிந்தால் தட்டுவார். எனக்கு அடுத்துப் பேசவேண்டியவர் எங்கள் மிராசுதாரின் மகள். தஞ்சாவூரில் படித்துக்கொண்டிருந்தார். ஒரே ஊர் என்றாலும் நான் அவரைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருந்ததில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். முதல் பக்கம் தாண்டியதும் குரலும் நிலைக்கு வந்துவிட்டது. முதல்வர் தலையாட்டிக் கேட்பதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். பாதிக் கட்டுரை முடிந்திருக்கும். அப்போது வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

கிரீச் கிரீச்சென்று அழுத்தி வைக்கிற சத்தம். வரப்பில் ஆள் தெரிவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மேடைக்குக் கீழே, சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறேன். இடது கையில் கட்டுரை. வலது கை தோளில், இல்லாத துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறது.

மிராசுதார் என்னைத் தாண்டிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மகள் பேசுவதைக் கேட்க வந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கட்டுரையை முடித்துவிட்டேன் என்று நினைத்து யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். மிராசுதாரும் இரண்டு தட்டு தட்டினார். அடுத்த பெயரை அறிவிக்க ஒரு மாணவர் மைக் பக்கம் நகர்ந்தார். ஊரில் சேற்றில் உழைக்கிற அப்பா நிறுத்திவிட்டதை, ஆங்கில இலக்கியம் படித்த மகன் செய்துவிட்டு நிற்கிறேன். அப்படியே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

பேராசிரியை மணியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். அறிவிக்க வந்தவரைக் கையமர்த்திவிட்டு, ஆங்கிலத்தில், பேச்சாளரின் வாக்கியம் பாதியில் நிற்கிறது, முடித்துவிட்டுப் போகட்டும் என்று சபைக்குச் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, மைக்கில் விழாத குரலில் தமிழில் சொன்னார்.

"அவர் உக்காந்துட்டாரு. நீங்க மேல வாங்க, தம்பி."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொறையாறு பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவருடைய ஊரிலும் வரப்புகள் இருந்திருக்கும்.

ஒரு படிதான் என்று சொன்னேன் அல்லவா, அதை ஏற எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. மிராசுதார் கீழே உட்கார்ந்திருக்க நான் மேலே நிற்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விட்ட வாக்கியத்தைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கம்வரை வாசித்தேன்.

முடித்ததும் ஒரு மாணவர் எழுந்து, உங்கள் ஊரில் அறுவடை எப்படி இருக்கும், பாட்டெல்லாம் உண்டா என்று கேட்டார். வம்புக்காகக் கேட்கவில்லை, ஆர்வத்தில்தான் கேட்டார். நான் கொஞ்சம் யோசித்து, இந்த வருஷம் எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்கள் அறுத்தார்கள், என் அப்பா ரோட்டில் நின்று பார்த்தார், அதனால் பாட்டைப் பற்றித் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மிராசுதாருக்குக் கோர்ட்டு வழக்கு அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். அப்போதுதான் அவர் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அவருடைய மகள் கையிலிருந்த தாள்களை அடுக்கினார், ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. அப்புறம் மேடையேறி மிக நன்றாக வாசித்தார், அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

டீ இடைவேளையில் முதல்வர், "நடுவில் ஏன் இறங்கினீங்க?" என்று கேட்டார். தலை சுற்றியது என்றேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. மேடையில் தலை சுற்றுகிறவன் வகுப்பில் எப்படி நிற்பான் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. பேராசிரியையைத் தேடினேன், அதற்குள் ரயிலுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பங்குனியில் ஊருக்குப் போனேன். நீடாமங்கலத்தில் இறங்கி பஸ் பிடித்துத் தெருவுக்குள் நுழைந்தால், ஆளாளுக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கூலிப் பேச்சுவார்த்தைக்காக தாசில்தார் ஆபீசில் கூடியபோது மிராசுதார் பொரிந்து தள்ளியிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா அதை நடித்தே காட்டினார்.

"'பாருங்க சார், நான் கீழ உக்காந்திருக்கேன், இவன் மவன் மேடையில ஏறி நின்னுக்கிட்டு இங்கிலீஷ்ல என் மானத்த வாங்குறான், இதுக்கு மேல என்ன மரியாத இருக்கு'ன்னு கேக்குறாரு. தாசில்தாரு சிரிப்ப அடக்க முடியாம ஃபைலைப் பொரட்டுறாரு." அப்பா என் தட்டில் தானே சோறு போட்டார். "அவரு வந்தப்பக்கூட நீ எறங்கலியாமே?"

சும்மா இருந்திருந்தால் அந்தப் பெருமை அப்படியே நின்றிருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"எறங்கிட்டேம்ப்பா. செருப்புச் சத்தம் கேட்டதும் தன்னால எறங்கிட்டேன். ஒரு அம்மா கூப்புட்டப்புறம்தான் ஏறுனேன்."

அப்பா எழுந்து போனார். கை கழுவிவிட்டு வந்து வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தேன். அம்மா அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அன்னிக்கு வரப்புல எனக்கும் மொதல்ல ஒரு காலு கீழ போயிட்டுதுடா. சேத்துல வச்சப்புறம்தான் நெனப்பு வந்துச்சு. இழுத்து மேல வச்சுக்கிட்டேன்."

"அவரு பாக்கலியா?"

"நம்ம எறங்குறதெல்லாம் அவங்க கண்ணுக்கு எங்கடா தெரியும்? தெனம் பாக்குறதுதானே. ஏறுனாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். மாசி மாதத்திலிருந்து நெஞ்சில் கிடந்த கல் ஒன்று அங்கேயே கரைந்தது. தெருவின் கணக்கில் மட்டும் கடைசிவரை நாங்கள் இருவருமே இறங்காதவர்கள்தான்.

அடுத்த வருஷம் வேறொரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை ஆங்கிலம்தான் கற்பித்தேன். எத்தனையோ மாணவர் கருத்தரங்குகளுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், இப்போதும் கூப்பிடுகிறார்கள். சில பிள்ளைகள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று நின்றுவிடுவார்கள். சபை சிரிக்கும், பக்கத்தில் இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நான் காரணம் கேட்பதில்லை. எந்தச் செருப்புச் சத்தம் காதில் விழுந்ததோ, அது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும் என்று, உள்ளங்கையால் மணியை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.