யாரும் இரவல் கேட்காத பம்ப்

என் வலது உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இருக்கிறது. சோக்குக்கட்டி பிடித்து வந்ததென்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், நானும் திருத்தப் போகவில்லை. அது படகு இஞ்சின் தந்த காய்ப்பு. பெற்றோல் கேனிலிருந்து இஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில் ஒரு றப்பர் குமிழ் இருக்கும். இஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் அது கல்லாக இறுகும்வரை கையால் அமுக்க வேண்டும். அதற்குப் பிறகு பெற்றோலை இழுத்துக்கொள்வது இஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்பின் வேலை. போன வருடம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் அந்தப் பம்ப் தன் வேலையை என் கையில் தந்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டது.

எனக்கு வீடு கற்பிட்டியில். படிப்பிப்பது கடல் உள்ளே புகுந்து கிடக்கும் களப்புக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவில். மீனவர் தங்கும் சில வாடிகள், ஒரு பள்ளிவாசல், ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான் ஊர். பள்ளிக்கூடத்துக்கு அதிபரும் நான்தான், ஆசிரியையும் நான்தான், மணி அடிப்பதும் நான்தான். சாவியும் என் பைக்குள்தான், நான் போகாத நாளில் அது திறக்காது. என் கணவர் காலையில் தன் படகில் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அந்தப் பக்கத்திலேயே நண்டு வலை போட்டுக்கொண்டிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் ஏற்றிக்கொண்டு வருவார்.

பம்ப் கரைச்சல் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. பாதிக் களப்பில் இஞ்சின் இருமும், அடங்கும். குமிழை அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். ஒரு பின்னேரம் காற்று படகைக் குறுக்கே தள்ளத் தொடங்கியது. அவர் இஞ்சினின் கைப்பிடியை விட முடியாமல் இருந்தார். கரை வந்து சேரும்வரை நான் அமுக்கிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு அலையும் உப்புத்தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தது. கை மரத்துப்போய் என்னுடைய கைதானா என்று பார்க்கும் நிலை. பயந்தேன், அதை மறைக்கமாட்டேன். பயத்தைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது. பம்புக்குள் டயபிரம் என்று ஒரு மெல்லிய றப்பர் தாள் இருக்கிறது, அது கிழிந்ததுக்காக இரண்டு உயிர் தண்ணீரில் ஆடுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீரை வைத்ததும் அவர் தொடங்கினார்.

“இனிப் போதும். டவுன் இஸ்கூலுக்கு இடமாத்தம் கேட்டு எழுது. இந்தக் காத்துக்குள்ள ஒன்ன ஏத்திக்கிட்டு வர எனக்கு ஏலாது.”

“அப்ப அந்த இஸ்கூல மூடச் செல்றீங்களா?”

“வேற ஆராவது வருவாங்க.”

“ஆரு வாற? நான் வாறதுக்கு முந்தி எத்தின காலம் பூட்டிக் கெடந்திச்சி எண்டு ஒங்களுக்குத் தெரியாதா? மாத்த வேண்டியது பம்ப. என்னயல்ல.”

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். பம்பைச் சரிபண்ணலாம், ஆனால் இன்னொரு தரம் நடுக்களப்பில் நின்றால் நான் மறுபேச்சில்லாமல் இடமாற்றத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். எழுதுவதாக எனக்கு உத்தேசமே இல்லை.

முந்தல் என்ற ஊரில் வாகன வயரிங் கடை வைத்திருக்கும் என் கணவரின் தம்பி செய்தி கேட்டு அடுத்த நாளே வந்து இறங்கிவிட்டார். எதைக் கண்டாலும் ஒரு சுவிச் பூட்டிவிடுகிற ஆள் அவர். எங்கள் கோழிக்கூட்டுக்கும் லைட் போட்டுத் தந்தவர்.

“மதினி, இந்தக் காலத்துல ஆராவது கையால அமுக்கிக்கிட்டு ஈப்பாங்களா? கரண்ட் பம்ப் ஒண்டு பூட்டித் தாறன். சுவிச்சப் போட்டாச் சரி, பெற்றோல் தன்ட பாட்டுக்குப் போகும்.”

பழைய பம்பைக் கழற்றி, அது இருந்த இடத்தைத் தகட்டால் அடைத்து, குழாயின் குமிழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கரண்ட் பம்பைப் பூட்டி, புதுப் பெற்றரி ஒன்றை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத் தந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அருமையாகத்தான் இருந்தது. சுவிச்சைப் போட்டதும் ஒரு மெல்லிய முனகல் கேட்கும். கயிற்றை ஒரு இழுவை இழுத்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய இடத்துப் பெண்போல் போய் வந்தேன்.

ஒரு நாள் தீவுக் கரையில் என் கணவர் இஞ்சினை நிற்பாட்டிவிட்டு சுவிச்சை மறந்துவிட்டார். இஞ்சின் நின்றாலும் பம்ப் நிற்கவில்லை, தன் பாட்டுக்குப் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. படகின் அடியில் பெற்றோல் மினுங்கியது. பக்கத்து வாடிக்காரர் ஒருவர் பீடியும் வாயுமாகக் கதைக்க வந்துகொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் பீடியைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டு அப்படியே நின்றார். அன்றைக்கே எனக்கு அந்தப் பம்பில் இருந்த ஆசை பாதி போய்விட்டது.

மீதிப் பாதி போனது பெற்றரியால். எங்களுடைய இஞ்சின் கயிறு இழுத்துக் கிளப்புவது. பெற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி அதில் இல்லை. அதனால் தினமும் பெற்றரியை வீட்டுக்குத் தூக்கிவந்துதான் ஏற்ற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. தீவுக்குக் கரண்ட் இல்லை, ஆளுக்கொரு சோலார் தகட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு நல்ல பெற்றரி ஒன்று தினமும் வந்து, நான் படிப்பித்து முடியும்வரை சும்மா கிடந்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவில்லை. ஒருவர் போனுக்குக் கேட்டார். ஒருவர் மட்ச் கேட்க ரேடியோவுக்குக் கேட்டார். அந்தத் தீவில் தண்ணீர், ஐஸ், கயிறு என்று எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லும் வழக்கம் கிடையாது. என் கணவரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நிக்காஹ் வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வகுப்பு வாசலில் வந்து நின்று, மைக் போடப் பெற்றரி வேண்டும், கொஞ்ச நேரத்தில் தந்துவிடுகிறேன் என்றார். பள்ளிவாசல் கேட்கும்போது யார்தான் மறுப்பது? பின்னேரம் பெற்றரி துடைத்துச் சுத்தமாக்கப்பட்டு வந்து சேர்ந்தது. கூடவே மூடிய தட்டில் கல்யாண வீட்டு இனிப்பாக வட்டிலாப்பமும் வந்தது.

பாதி வழியில் பம்பின் முனகல் நுளம்புச் சத்தமாக மெலிந்து நின்றுபோனது. இஞ்சினும் நின்றது. என் கணவர் கரண்ட் பம்பைக் கழற்றிவிட்டுக் குழாயை நேரே இஞ்சினில் மாட்டினார். பெற்றோல் தானாக இறங்கி ஓட வேண்டுமென்றால் கேன் உயரத்தில் இருக்க வேண்டும். நான் குறுக்குப் பலகையில் ஏறி உட்கார்ந்து கேனைத் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். பெற்றோல் கசிந்து அபாயாவை நனைத்தது. கால்களுக்கு நடுவில் வட்டிலாப்பத் தட்டு. யாரையாவது ஏச வேண்டும் போல் இருந்தது, ஏச ஆளில்லை. கல்யாணப் பெண்ணையா ஏசுவது?

கரையில் இறங்கியதும் அவர் சொன்னார்: “செல்லிட்டன்தானே. எழுது.”

“நாளைக்கும் மோதினார் வந்து பெற்றரியக் கேட்டா இல்லெண்டு செல்லுவீங்களா?”

“அதெப்பிடிச் செல்ற?”

“நான் செல்லுவனா?”

“நீயும் செல்லமாட்டாய்.”

“அப்ப நமக்குக் கரண்ட் பம்ப் சரிவராது. இஞ்சினே இழுக்கிற பழைய பம்பத்தான் பூட்டணும். அதக் கழட்டித் தாங்க எண்டு ஒருத்தரும் வந்து கேக்கமாட்டாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க முடியாமல் போனதால்தான் நான் இடமாற்றத்திலிருந்து பிழைத்தேன். தம்பிக்காரர் போனில் விடவில்லை. இரண்டு பம்பையும் பூட்டுவோம் என்றார். இரண்டு பம்ப் என்றால் இரண்டு கரைச்சல் என்றேன்.

“பழயது திரும்பவும் கிழியும் மதினி.”

“கிழியட்டும். கிழிஞ்சா நானே மாத்துறன்.”

கோபத்தில் வாய் விட்ட வார்த்தை. விட்ட பிறகு காப்பாற்றத்தானே வேண்டும். பழைய பம்பைக் குசினி மேசையில் பேப்பர் விரித்து வைத்துக் கழற்றினேன். தாளுக்கு மேல் தாளாக அடுக்கியிருந்தது. எல்லாத் தாளிலும் உள்ள சின்னத் துவாரங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக வந்தால்தான் அது இழுக்கும். முதல் தரம் ஒரு தாளைப் புரட்டிப் பூட்டிவிட்டேன். ஒரு சொட்டும் இழுக்கவில்லை. “டீச்சர் பெயில்,” என்று என் கணவர் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் திரும்பக் கழற்றினேன். பூட்டிக் கழற்றி, பூட்டிக் கழற்றி, கடைசியில் அவரிடம் ஒன்றும் கேட்காமலே முடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். புது டயபிரம் போட்ட பம்ப் இஞ்சினுக்கும், குமிழ் பழையபடி குழாய்க்கும் போயின. இன்னொரு டயபிரமும் ஒரு திருப்புளியும் என் பைக்குள் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன. பெற்றரியைத் தீவுப் பள்ளிவாசலுக்கே கொடுத்துவிட்டோம். தம்பிக்காரருக்கு அதில் கொஞ்சம் மனக்குறைதான்.

இந்த வருடக் கச்சானில், ஒரு காலை, பாதிக் களப்பில் இஞ்சின் இருமியது. குமிழை அமுக்கினேன், ஓடியது. விட்டேன், நின்றது. எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பையைத் திறந்தேன்.

அவர் நங்கூரத்தைப் போட்டார். காற்று கற்பிட்டிப் பக்கமிருந்து வீசியதால் படகு திரும்பி, தலையை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. நான் இஞ்சினின் மூடியைத் தூக்கி, திருகாணிகள் தண்ணீருக்குள் விழாமலிருக்க அபாயாவின் முன்பக்கத்தைப் பம்புக்குக் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டு கழற்றினேன். ஒரு ஆணி துணிக்குள்தான் விழுந்தது. மேசையில் கற்றது ஆடுகிற படகில் பாதிதான் ஞாபகம் வந்தது. துவாரங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கினேன். அவர் ஒன்றும் சொல்லித்தரவில்லை, அவசரப்படுத்தவுமில்லை.

குமிழை இறுகும்வரை அமுக்கினேன். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கயிற்றை இழுத்தார். இஞ்சின் பிடித்தது. நான் குமிழிலிருந்து கையை எடுத்து அவருக்குத் தெரிகிறமாதிரி உயர்த்திப் பிடித்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

நங்கூரம் மேலே வந்தது. நேரே முன்னால் எங்கள் ஊர்க் கரை. அவருக்குக் கைப்பிடியை அசைக்கவே தேவையில்லை, அப்படியே விட்டால் வீடு. நான் சண்டைக்குச் சொற்களை அடுக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கைப்பிடியை முழுக்கத் தள்ளிப் படகைத் திருப்பினார். ஊர் என் முதுகுக்குப் பின்னால் போனது.

“சாவி பைக்குள்ளதானே ஈக்கி?” என்று மட்டும் கேட்டார்.

ஓம் என்றேன். அன்றைக்கு மணி சுணங்கித்தான் அடித்தது. பெற்றோல் மணத்த கையால் நான்தான் அடித்தேன்.