மாமன் மடி

மில்லை விட்டு நான் வந்துவிட்டேன். மில் என் காதை விட்டுப் போகவில்லை. இளவயசு முழுக்கத் தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் நின்றவன் நான். இப்போது சின்னமனூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மெஷின்கள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கின்றன. போதாததற்கு, யாராவது எவர்சில்வர் தட்டைத் தரையில் வைத்தால்கூட மண்டைக்குள் ஆணி இறங்குகிறது.

"நரம்பு தேஞ்சிருச்சு. பழகிக்கிடுங்க" என்றார் டாக்டர்.

எங்கள் பக்கம் காதில் கோளாறு என்றால் செவிடு, அவ்வளவுதான். சத்தம் தாங்கவில்லை என்று ஒருவரிடம் சொன்னால் அவர் கிட்டே வந்து கத்துவார். "ஏலே, அவுகளுக்குக் காது மந்தம், சத்தமாச் சொல்லு" என்று டீக்கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கூச்சத்தில் எனக்குத் திருத்த வாய் வராது. டீக்கடைக்குப் போவதையே விட்டேன்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. தங்கைக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். காதுகுத்துக்குப் பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும். அதற்காக நானும் ஏங்கிக் கிடந்தேன். பயம் சத்தத்தை நினைத்துத்தான். தங்கை வீட்டுக்குப் போனேன்.

"மேளத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடலாமா ஆத்தா?"

"ஒனக்குத்தான் காது கேக்காதேண்ணே, பெறகென்ன?"

"கேக்காம இல்லத்தா. கூடக் கேக்குது."

அவள் வீட்டுக்காரர் சிரித்தார். "கூடக் கேக்குதா? அப்ப நாங்க ஒங்களப் பத்திப் பேசுனதெல்லாம் கேட்டிருச்சா மச்சான்?"

தங்கையும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

காதுகுத்து அன்று கோயிலில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். வெளிச்சத்தம் அமுங்க அமுங்க உள்சத்தம் கூடியது. மேளத்தைப் பல்லைக் கடித்துத் தாங்கினேன். பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு ஆசாரி ஊசியை எடுத்தார். அப்போதுதான் எங்கள் பெரியம்மா குலவை போடும் பெண்களை என் தோளோரமாகக் கூட்டி வந்து நிறுத்தினாள்.

"கிட்டக்க நின்னு போடுங்கடி. பாவம், அவனுக்கும் கேக்கட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். குலவை எழுந்ததும் என் இரண்டு கைகளும் என் காதுகளுக்குப் போய்விட்டன.

பிள்ளை தலையைத் திருப்பியது. ஊசி காது மடலைக் கிழித்துவிட்டது. என் வேட்டியெல்லாம் ரத்தம்.

"கொலவைக்குக் காதப் பொத்துற மாமன இப்பத்தான்டி பாக்கேன்" என்றது ஒரு குரல்.

தங்கை பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "எந்திரிண்ணே" என்றாள். சித்தப்பா மகன் என் இடத்தில் உட்கார்ந்தான். பிள்ளையை அவன் மடியில் வைத்து மறு காதைக் குத்தினார்கள்.

காயம் ஆறிவிட்டதாம், மடலில் தழும்பு இருக்கிறதாம். பெரியம்மா சொல்லித்தான் தெரியும். தங்கை போனை எடுப்பதில்லை. பிள்ளை வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீரையும் சித்தப்பா மகனே செய்யட்டும் என்று சொல்லிவிட்டாளாம். அவனும் சரி என்றுவிட்டானாம்.