மூன்று முயல்களுக்குக் கீரை

சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் இஸ்திரி அக்கா. ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து அடுக்குவது வேலை. நாள் முழுக்க ஆவியில் நின்றுவிட்டு வீடு திரும்பும்போது முகம் அவித்து எடுத்தது போல இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் திரும்பினாள். பஸ்ஸிலேயே இரவுச் சாப்பாட்டை மனதுக்குள் சமைத்து முடித்திருந்தாள். அரிசி டப்பாவின் அடியில் கொஞ்சம் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கீரை இருக்கிறது. போதும், இன்றைய பொழுது ஓடிவிடும்.

கீரை என்றால் கடையில் கட்டி விற்கிற கீரை இல்லை. குப்பைக்கீரை, பருப்புக்கீரை, புளியாரை. சாக்கடை ஓரத்திலும் சுவர் வெடிப்பிலும் தானாக முளைத்து, எல்லாரும் களை என்று மிதித்துப் போகிறவை. கணவர் வேலை பார்த்த பட்டறை மூடி, இரண்டு சம்பளம் ஒன்றாகிப்போன சமயம், கூட வேலை செய்கிறவள்தான் சலவைக்கூடத்தின் பின்சுவர் ஓரம் கூட்டிப்போய்க் காட்டினாள். "இதோ, இதுதான் பருப்புக்கீரை. இதே மாதிரி இன்னொண்ணு தரையோட படரும், ஒடிச்சா பால் வரும். அது கிட்டயே போகாதே."

அவள் வெறுமனே பறித்துத் தின்னவில்லை, வளர்த்தாள். குப்பைக்கீரைக் கதிரை உள்ளங்கையில் கசக்கித் தூவினாள். பருப்புக்கீரைத் தண்டை ஒடித்துச் சொருகினாள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். நுனியை மட்டும் கிள்ளுவாள்; கிள்ளின இடத்தில் இரண்டாக வெடிக்கும். எவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் மற்றவர் கண்ணுக்கு அது காடுதான். அதுவும் நல்லதாகப் போயிற்று. கணவருக்குத் தெரியக்கூடாதே.

அவர் லேத் பட்டறைக்காரர். இரும்பில் மயிரிழை பிசகினாலும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கடைகிற ஆள். வேலை போன புதிதில், புளியாரையைச் சமைத்துப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு, "வேலைதான் போச்சு. என் பொண்ணுக்குப் புல்லை அவிச்சுப் போடற அளவுக்கு நான் இன்னும் போகலை" என்றார். அதோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பிட மட்டும் எழுவார். எழுந்ததற்கே வெட்கப்பட்டவர் போலத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்வார். மகள் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூடச் சுவரைப் பார்த்துத்தான் சிரித்தார். கீரை சந்தையில் மிஞ்சியது என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். மகளுக்கு விஷயம் தெரியும். "இன்னைக்குச் சந்தை தளதளன்னு இருக்கும்மா" என்று அப்பா காதுபடச் சொல்லிவிட்டுக் கண்ணடிப்பாள்.

அன்றைக்குக் கதவைத் திறந்தால், படுக்கை காலி.

மின்விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டு, பின்வாசலுக்கு ஓடினாள்.

அவர் நின்றுகொண்டிருந்தார். பனியன் வியர்வையில் ஒட்டியிருந்தது. முழங்கை வரை மண். அவருக்குப் பின்னால் தரை, ரசமட்டம் வைத்துச் சமன் செய்தது போல மொட்டையாகக் கிடந்தது. பேருக்கு ஒரு இலை இல்லை.

"வீட்டுக்கார அம்மா ஜன்னல்ல நின்னு சத்தம் போட்டுச்சு. ஆம்பளை ஒருத்தர் வீட்லயே இருந்தும் இப்படிக் காடு மண்டிக் கிடக்கே, பாம்பு வந்தா யாரு பொறுப்புன்னு. படுத்தபடியே கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு வேகத்துல எழுந்துட்டேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "மேலால அறுக்கலை, வேரோட எடுத்துட்டேன். இனிமே தலையே தூக்காது. எப்படி இருக்கு?"

அவர் முகத்தில் சிரிப்பு. அவளைப் பார்த்துச் சிரித்தார்.

மொட்டைத் தரையை ஒருமுறை பார்த்தாள். "பளிச்சுன்னு இருக்குங்க."

"நாளைக்கு அந்த மூலையையும் ஒரு கை பார்த்துடறேன்."

நாளைக்கு என்கிறார்! அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வராதா என்று எத்தனை மாதம் ஏங்கியிருப்பாள். "பிடுங்கினதெல்லாம் எங்கங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கட்டுக் கட்டாக் கட்டி முக்குக் குப்பைத்தொட்டியில போட்டாச்சு."

உப்பு வாங்கி வருவதாகச் சொல்லிப் பையை எடுத்தாள். தெருமுனை வரை நடந்தாள். முனை திரும்பியதும் ஓடினாள். குப்பை வண்டி வந்து நின்றிருந்தது. தொட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துத் துழாவினாள்.

"என்னம்மா, தோடு கீடு தொலைச்சிட்டியா?" என்றார் வண்டிக்காரர்.

"இல்லண்ணே, கீரை."

பச்சைக் கட்டுகளை அவள் பையில் திணிப்பதைப் பார்த்தார். "ஓ, முயல் வளர்க்கறியா?"

"ஆமாண்ணே. மூணு இருக்கு."

"நல்லாத் தின்னும் அதுங்க. இந்தா, இதையும் எடுத்துக்கோ. அடியில கை விடாதே, எவனோ மருந்து பாட்டில் கொட்டியிருக்கான்."

மேலே கிடந்த இரண்டு கட்டுகள்தான் தேறின. மற்றதெல்லாம் கண்ணெதிரே வண்டியில் ஏறிப் போயிற்று.

வீட்டில் தண்ணீரை மாற்றி மாற்றி அலசினாள். ஒரு கட்டை வெங்காயத்தோடு வதக்கினாள். பருப்புக்கீரைக் கட்டை ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். அது நாளைக்கு, மகளின் மதியச் சாப்பாட்டுக்கு.

மகளும் வந்ததும் மூவரும் உட்கார்ந்தார்கள். அவர் பசியோடு இரண்டு வாய் சாப்பிட்டார். தண்ணீர் எடுக்க எழுந்துபோனவர் பாத்திரம் கழுவும் மேடை அருகே நின்றுவிட்டார். திரும்பியபோது கையில் ஒரு சணல் கயிறு. பட்டறையில் போடுகிற முடிச்சு, அவர் கையால் போட்டது, அவிழாமல் அப்படியே இருந்தது.

"இது நான் கட்டினது."

மகள் தட்டையே பார்த்தாள்.

"இத்தனை நாளா இதுதானா?"

"இதுதாங்க" என்றாள். "சந்தையும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"என் கையாலயே..." என்றவர் முடிக்கவில்லை. கண் படுக்கைப் பக்கம் போயிற்று. போய்விடுவார், திரும்பிப் படுத்துவிடுவார், இந்தத் தடவை சாப்பிடக்கூட எழமாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அவர் கயிற்றின் முடிச்சை நகத்தால் அவிழ்த்தார். வெகுநேரம் பிடித்தது.

"நட்டா திரும்ப வர்றது எது?"

ஈரத்துணியில் இருப்பதுதான். சொருகினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் கிள்ளுகிற பதத்துக்கு வர வாரக்கணக்காகும். அதுவரை? நாளை மதியத்துக்கு? மகளைப் பார்த்தாள். "எனக்கு மத்தியானம் பசிக்கவே பசிக்காதும்மா" என்றாள் மகள், கேட்காமலேயே. இந்த முறை கண்ணடிக்கவில்லை.

அவள் எழுந்துபோய்த் துணிச்சுருளை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

பின்வாசல் விளக்கைப் போட்டார். இரண்டு ஆணியடித்து, அந்தச் சணலை இழுத்துக் கட்டி, ஜாண் அளந்து ஒவ்வொரு தண்டாகச் சொருகத் தொடங்கினார். ஒன்று கோணலாகப் போனதும் பிடுங்கி மறுபடி நட்டார். இஷ்டத்துக்குப் படர்ந்த செடி, இப்போது பள்ளிப்பிள்ளைகள் போல வரிசையில் நின்றது.

"நேரா இருக்கா பாரு" என்று குரல் கொடுத்தார்.

"இருக்குங்க" என்றாள் அவள். கை அரிசி டப்பாவுக்குள் இருந்தது. அடித்தகரத்தில் நகம் உரசியது. அவருக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று மெதுவாக வெளியே எடுத்தாள்.