அரபிக்காரன் வருகிற படம்

வீடியோப் படக்கொப்பி வாடகைக்கு விடுகிற தொழிலில் ஒரு தொல்லை உண்டு: படம் எடுத்தவன் எங்கேயோ இருப்பான், பதில் சொல்ல வேண்டியவன் கடைக்காரன். கடை வைத்திருந்தவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் எனக்கு ஒரு வீடியோக் கடை இருந்தது. வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ குவைத்திலோ இருந்த காலம். அதனால் அரபிக்காரன் வருகிற ஆங்கிலப் படம் என்றால் எடுக்க ஆள் வரிசையில் நிற்கும். அதிலும் ஒரு படத்தின் கொப்பி மட்டும் அலுமாரியில் தங்கவே தங்காது. அதில் வந்த ஷேக் எல்லாக் கெட்ட வேலையும் செய்தான்.

மௌலவி கேட்ட அரபு

எங்கள் பள்ளிவாசல் மௌலவி மதீனாவில் ஆறு வருடம் படித்தவர். ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து நேரே கடைக்கு வந்தார். வாசலில் ஒட்டியிருந்த ஒரு நடிகையின் படத்தைக் கழற்றச் சொல்லத்தான் வந்தார். கழற்றினேன். அந்த நேரம் பார்த்து உள்ளே டிவியில் அந்த ஷேக் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டுத்தாடி வைத்த ஒருவன் கத்தியை நீட்டி எதையோ கத்தினான். திரும்பிப் போகப் பார்த்த மௌலவி நின்றுவிட்டார். அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்டார். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

“இது அரபும் இல்ல, ஒண்டும் இல்ல. தொண்டையில மீன் முள்ளு இறுகினவன் போடுற சத்தம்.”

ஸம்ஸுன் ராத்தாவின் நாலு நாள்

எங்கள் ஆட்கள் அக்காவை ராத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடுவார்கள். ஸம்ஸுன் ராத்தா ரியாத்தில் ஐந்து வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய கணவர் இஸ்மாயில் காக்கா அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். அதில் ஷேக் வேலைக்காரப் பெண்களை ஒவ்வொருத்தியாக அறைக்குள் கூப்பிடுவான். பார்த்து முடித்துவிட்டு, அங்கேயும் இப்படித்தானா என்று மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அதற்குப் பிறகு நாலு நாளாகப் பேச்சில்லை.

ஐந்தாம் நாள் ராத்தா கடைக்கு வந்து அந்தக் கொப்பியைக் கேட்டார். எடுத்து நீட்டினேன். அவர் வேலை செய்த வீட்டில் நடக்க முடியாத ஒரு கிழவியும், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மகனும்தான் இருந்தார்களாம். அவர் சமைக்கிற குசினிப் பக்கம் வருவதென்றால் அந்த மகன் வெளியே நின்று செருமிவிட்டுத்தான் வருவானாம். மற்ற வீடுகளில் கஷ்டப்பட்ட பெண்களையும் கண்டிருக்கிறேன், அதை மறைக்கவில்லை என்றார். கொப்பியைக் கொண்டு போய், கணவரைப் பக்கத்தில் இருத்தி, முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டிருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, தன் வீட்டில் நடந்தது எது என்று சொல்லியிருக்கிறார். விடியும்போது அழுதவர் காக்காதானாம்.

அடுத்த நாள் இஸ்மாயில் காக்காவே கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இனி இந்தப் படத்த எங்கட தெருவுக்குக் குடுக்காதீங்க தம்பி. அங்க இன்னும் ஏழு பேர்ட பொஞ்சாதிமார் வெளிநாட்டுல.”

காரைதீவிலிருந்து ஒருவர்

அன்றோடு அந்தக் கொப்பியை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த கிழமை அதைக் கேட்டு வந்தவர் சிவஞானம் அண்ணன். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவில் வயல் செய்கிறவர். தமிழர் முஸ்லிம் பிரச்சினையால் இரண்டு ஊருக்கும் இடையில் போக்குவரத்து அற்றுப்போகிற நாட்கள் அப்போது அடிக்கடி வரும். றோட்டு அமைதியானால் முதல் ஆளாகச் சைக்கிளில் வந்துவிடுவார். கொடுக்காத காரணத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வாசலில் கிடந்த வாங்கில் பலகையில் உட்கார்ந்தார்.

“ஓம் தம்பி, எனக்கு விளங்குது. இந்தியப் படத்துல எங்கட இலங்கைத் தமிழ் ஆள் வந்தா ஒண்டில் துவக்கால சுட்டுக்கொண்டு நிக்கிறான், இல்லாட்டி அழுதுகொண்டு வள்ளத்தால இறங்கிறான். வயல விதைச்சிட்டுப் படம் பாக்க வாறவன் ஒருத்தனையும் நான் இன்னும் காணல்ல.”

கொப்பியைத் திருப்பித் தராதவர்களை எப்படியோ சமாளித்துவிட்டேன். பார்த்ததையெல்லாம் உண்மையென்று வீட்டுக்குக் கொண்டுபோனவர்களோடுதான் என் கடைக்காலம் முழுக்கப் போனது.