மாடு ஏறாத சீதன வீடு

சுண்ணக்கல்லை அலவாங்குக் கடப்பாரையால் உடைத்துத் தனியாளாகக் கிணறு வெட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், புகையிலை வியாபாரத்தில் நிமிர்ந்தேன். சீமெந்துக்குத் தவம் கிடக்கிற இந்தக் காலத்தில் மகளுக்கு மூன்று அறைச் சீதன வீடும் கட்டி முடித்தேன். இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு இதெல்லாம் தெரியும். புதியவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

சுவருக்குப் பெயின்ற்தான் அகப்படவில்லை. விடுவேனா? மயிலிட்டியில் வள்ளத்துக்குப் பூசுகிற நீலப் பெயின்ற் வாங்கி, மண்ணெண்ணெய் கலந்து, உள்சுவர்களுக்கு அடித்தேன். கடல் தண்ணீரிலேயே நிற்கிற பெயின்ற் — சுவரில் நிற்காதா? தூசு ஒட்டாதபடி யன்னல்களையும் இறுக்கிப் பூட்டினேன். சமையற் குசினிக்கு மட்டும் பெயின்ற் போதாமல் போய்விட்டது. அதற்கு வெறும் சுண்ணாம்பு.

“இஞ்சாருங்கோ, உள்ளுக்கை நிண்டால் கண் எரியுது” என்றாள் மனைவி.

“புது வீடெண்டால் மணக்கும்தானே.”

நாற்பது வருடம் புகையிலைக்குள் கிடந்த மூக்கு எனக்கு. ஒன்றும் தெரியவில்லை.

போன வெள்ளி புதுவீட்டுக் குடிபூரல். முதலில் பசுவும் கன்றும் வீட்டுக்குள் போகவேண்டும். கயிற்றைப் பிடித்தவன் நான். மாடு வாசற்படியில் ஒரு காலை வைத்தது. மோந்து பார்த்தது. தும்மியது... என் புது வேட்டியில். பிறகு அசையவில்லை. மருமகன் பின்னால் நின்று தள்ளினார். மாடு அவரைத் தள்ளியது.

“நல்ல நேரம் இன்னும் பத்து நிமிசந்தான்” என்றார் ஐயர்.

“மாடே ஏறாத வீட்டிலை நான் எப்பிடியப்பா இருக்கிறது?” மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மருமகன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். “மாமா, நீங்கள் தந்தது வீடோ, வள்ளமோ?”

அதற்குள் மாடு கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடியது. குசினிக் கதவால் தானாகவே உள்ளே ஏறி, சுண்ணாம்புச் சுவரை நக்கத் தொடங்கியது. அங்கேயே பால் காய்ச்சினோம். நேரம் தப்பவில்லை.

வள்ளம் காற்றில் கிடக்கிறது, மணம் போய்விடும். பூட்டிய வீட்டில் அது எங்கே போகும்? இருக்கிறவர்களின் நெஞ்சுக்குள்தான். பெயின்றைச் சுரண்டி எடுத்துவிட்டு எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தேன். யன்னல்களும் இப்போது திறந்தபடி. மகள் நாளைக்குச் சாமான்களோடு வருகிறாள்.

ஊரில் வீடு கட்டுகிற மற்றவர்களும் சுண்ணாம்பு தேடுகிறார்கள். கேட்டால், மாடு காட்டிய வழியாம். இருக்கட்டும்... கயிற்றின் மற்ற நுனியில் ஓடியவன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.